சாயும் கோபுர நகரில் சாயாத ஒரு குட்டி வீடு

பேராக் மாநிலத்தின் தென்மேற்கில், பேராக் ஆறு கடலைத் தேடி வளைந்து வளைந்து ஓடும் இடத்தில் அமைந்திருக்கிறது தெலுக் இந்தான். தீபகற்ப மலேசியாவின் இரண்டாவது நீளமான ஆறு அது. மலாய் மொழியில் ‘இந்தான்’ என்றால் வைரம். ஆங்கிலேயர் காலத்தில் ஆன்சன் என்ற அதிகாரியின் பெயரால் தெலுக் ஆன்சன் என்று வழங்கிய ஊர், 1982ஆம் ஆண்டில் தெலுக் இந்தான் ஆயிற்று. ஆனாலும் நம் பெரியவர்கள் வாயில் இன்றும் அது ‘தெலுக்கான்சன்’தான்!

சிலாங்கூர்ப் பக்கமிருந்து போகிறவர்களுக்குக் கரையோரச் சாலையே அழகு. கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து வரலாம். நெல் வயல் முடியும் இடத்தில் தென்னை. தென்னை முடியும் இடத்தில் செம்பனை. பெர்ணம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பேராக் மாநிலம். ஊத்தான் மெலிந்தாங் வந்துவிட்டால் தெலுக் இந்தான் அருகில்தான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் பீடோரில் இறங்கி மேற்கே திரும்ப வேண்டும். எந்த வழியாக வந்தாலும் கண்ணுக்கு எட்டிய வரையில் மேடு பள்ளம் இல்லாத சமநிலம். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண். இந்த மண்ணைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருப்பதால் வாசகர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சாய்ந்த கோபுரம்

ஊருக்குள் நுழைந்தவுடன் எல்லாரும் தேடுவது சாய்ந்த கோபுரத்தைத்தான். லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகையாளர் 1885இல் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடிச் சீனக் கோயில் கோபுரம் போலத் தெரியும். உள்ளே நுழைந்தால் மூன்றே தளங்கள்! உயரம் 25.5 மீட்டர், படிகள் 110. மழையில்லாத காலத்துக்கும், ஊரில் தீப்பிடித்தால் அணைப்பதற்கும் தண்ணீர் வேண்டுமே என்று உள்ளே தொட்டி அமைத்தார்கள். உச்சியில் கடிகாரமும் வைத்தார்கள். அடியிலோ மெத்தென்ற மண். மேலே தண்ணீரின் பாரம். கட்டிய சில ஆண்டுகளிலேயே கோபுரம் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. இத்தாலி நாட்டுப் பைசா நகரத்தில் ஒன்று சாய்ந்து நிற்பதாகப் பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். நம் நாட்டிலும் ஒன்று உண்டு என்று நான் என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

நான் போனது கோபுரத்தைப் பார்க்க அல்ல. என் மனைவியின் மூத்த அண்ணன் அந்த ஊருக்கு வெளியே ஒரு தாமானில் குடியிருக்கிறார். பள்ளி விடுமுறை விட்ட மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை, வரும்போது பழைய உடுப்பு ரெண்டு எடுத்துக்கிட்டு வாங்க. நான் ஒரு சின்ன வீடு கட்டிக்கிட்டு இருக்கேன். கை ஆள் வேணும்.”

அறுபதைத் தாண்டிய மனிதர் ‘சின்ன வீடு’ என்றதும் பக்கத்தில் இருந்த என் மனைவி முறைத்த முறைப்பைச் சொல்லி முடியாது! பிறகுதான் விஷயம் விளங்கியது. ஏழு வயதுப் பேத்திக்கும் நான்கு வயதுப் பேரனுக்கும் வீட்டின் பின்புறம் விளையாட்டு வீடு கட்டுகிறாராம்.

மச்சான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். லயத்துக் கதவு, ஸ்டோர் மேசை, கோயில் பந்தல், பிள்ளைத் தொட்டில், பிணப்பெட்டி என்று அவர் கைபடாத மரவேலை அந்தத் தோட்டத்தில் இல்லை. மற்றவர் வீட்டையெல்லாம் பழுது பார்த்தவர் தாமாக ஒரு வீடு கட்டியதில்லை. லயம் தோட்டத்துடையது. பிறகு வாங்கிய தாமான் வீடு குத்தகையாளர் கட்டியது. ஆக, ஆறடிக்கு எட்டடி அளவுள்ள இந்தக் குட்டி வீடுதான் அவர் அடிமுதல் முகடுவரை தம் எண்ணப்படி கட்டும் முதல் வீடு!

மண்ணைக் கேட்டுக் கால் நடு

நான் போய்ச் சேர்ந்த மாலையிலேயே மச்சான் என்னைக் கோபுரத்தடிக்கு அழைத்துச் சென்றார். சட்டைப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். நூலை உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கோபுரத்தின் ஓரத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

“கட்டினவங்க கையில குறை இல்ல மாப்பிள்ளை. நூறு வருசத்துக்கு மேல நிக்குதே! மண்ணுதான் பாரத்தைத் தாங்கல. மண்ணைக் கேட்டுத்தான் கால் நடணும்.”

அவர் வீட்டுப் பின்புறத்திலும் அதே வண்டல் மண்தான். ஆகவே ஆறு இடங்களில் ஒன்றரை அடி தோண்டி, மேலிருந்த கறுப்பு மண்ணை அள்ளி எறிந்து, உடைகல் போட்டு இடித்து, அதன்மேல் சிமெண்டுக் கால்களை நிறுத்தியிருந்தார். நீளவாட்டில் மூன்று, எதிரே மூன்று. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். வெள்ளம் வந்தால் தண்ணீர் அடியில் ஓடிவிடும், காற்றும் போய்வரும், ஈரம் தங்காது. மலாய்க் கம்பத்து வீடுகள் காலின்மேல் நிற்பதற்கும் இதுதான் காரணம்.

ஆறு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க அவர் ரசமட்டத்தைத் தொடவில்லை. கண்ணாடிபோல் தெரியும் ரப்பர்க் குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையை முதல் காலருகில் நான் பிடித்தேன். மறுமுனையை ஒவ்வொரு காலாக அவர் கொண்டுபோனார். குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். “தண்ணி பொய் சொல்லாது” என்றார். அறிவியல் பாடத்தில் நான் படம் போட்டு விளக்குவதை, எங்கள் பேத்தி அங்கே ஐந்து நிமிடத்தில் கண்ணால் கண்டு புரிந்துகொண்டாள்.

ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு தகரத் துண்டை வைத்து, அதன் ஓரங்களைக் கீழ்நோக்கி மடித்துவிட்டு, அதன் பிறகே செங்கால் மர விட்டத்தை ஏற்றினார். கறையான் மண்புற்றுக் கட்டிக்கொண்டு மேலே ஏற முயன்றால் அந்தத் தகர மடிப்பைச் சுற்றித்தான் வர வேண்டும். உடனே கண்ணில் பட்டுவிடும். கறையானை முழுக்கத் தடுப்பதைவிட, அது மறைந்து வராமல் செய்வதுதான் இதன் சூட்சுமம்.

பால்மரம் ஏன் ஆகாது?

எந்த மரத்தில் கட்டலாம் என்ற பேச்சு வந்தது. பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மறுநடவுக்கு மரம் சாய்க்கிறார்கள், சும்மாவே கிடைக்குமே என்று அக்கா சொன்னார். மச்சான் தலையை ஆட்டினார்.

ரப்பர் மரத்தை நட்டு, பால் வெட்டி, இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் ஆன பிறகு சாய்ப்பது வழக்கம். ஒரு காலத்தில் அது விறகுக்குத்தான் பயன்பட்டது. பின்னர் மருந்தூட்டிக் காயவைத்து நாற்காலி, மேசை செய்யும் முறை வந்தது. இன்று அந்தத் தளவாடங்கள் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகின்றன. ஆனால் மருந்தூட்டாத பச்சை மரத்தில் மாவும் இனிப்பும் மிகுதி. சாய்த்த சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும், மழையில் நனைந்தால் மக்கிவிடும். மருந்தூட்டியதும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளத்தான் ஏற்றது; மழைக்கும் மண்ணுக்கும் ஆகாது.

“நம்ம பரம்பரைக்கே சோறு போட்ட மரம், இல்லேங்கல. ஆனா வெயில்லயும் மழையிலயும் நிக்கச் சொன்னா நிக்காது” என்றார் மச்சான்.

தென்னை மரமும் இந்தப் பக்கத்தில் நிறைய. பாகான் டத்தோ வட்டாரமே தென்னைக்குப் பேர் போனது. முதிர்ந்த தென்னையின் அடிப்பகுதியில் வெளிவட்டம் மட்டும் இரும்புபோல் இருக்கும், நடுவில் சோறு. நம் முன்னோர் ஊர்நாட்டில் பனையைப் பிளந்து கைமரம் போட்டதும் இப்படி வெளிவைரத்தைப் பார்த்துத்தான். ஆனால் பிளந்து எடுக்க நேரமும் கையும் வேண்டும். ஆகவே அடி விட்டத்துக்குச் செங்காலும், சுவருக்கும் கூரைக்கும் மெராந்தியும் என்று முடிவாயிற்று. பலகைக் கடையில் ஒவ்வொரு சட்டத்தையும் கையில் எடுத்து, துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் ஒரு கண்ணால் பார்த்து, வளைந்ததைத் தள்ளி நேரானதை எடுத்தார். கடைக்காரச் சீனர் முகம் சுளிக்கவில்லை. “இவர் பழைய ஆள்” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

மூன்று, நான்கு, ஐந்து

தரைச் சட்டம் ஆறடிக்கு எட்டடி. நான்கு மூலையும் சரியாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? மூலைமட்டம் சின்னது, எட்டடி நீளத்தில் அது கண்டுபிடிக்காத கோணலும் உண்டு. மச்சான் அளவு நாடாவைக் குறுக்காகப் பிடிக்கச் சொன்னார். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பத்தடி ஓர் அங்குலம். மற்ற இரண்டு மூலைகளுக்கும் நடுவே ஒன்பதடி பதினோரு அங்குலம். நீளமாக இருந்த பக்கத்து மூலையைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். மறுபடி அளந்தோம். இரண்டும் பத்தடி!

மூன்றடி, நான்கடி, ஐந்தடி நீளமுள்ள மூன்று குச்சிகளை முக்கோணமாகச் சேர்த்தால் மூன்றும் நான்கும் சேரும் மூலை நேர்மூலையாக இருக்கும். அதை இரட்டித்தால் ஆறு, எட்டு, பத்து. படித்தவர் இதை ஒரு கிரேக்க அறிஞர் பெயரால் அழைப்பார்கள். மச்சான் ஆறாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது தோட்டத்துப் பழைய தச்சர் ஒருவரின் முடிச்சுப் போட்ட கயிறு. வீட்டின் அளவை ஆறுக்கு எட்டு என்று வைத்துக்கொண்டதே இந்தக் கணக்குக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சுவர் எழுந்த விதம்

சுவரை நிற்கவைத்துக் கட்டுவார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படி அல்ல. தரையைப் பலகை போட்டு மூடிவிட்டால் அதுவே பெரிய மேசை. அதன்மேல் சுவரைப் படுக்கவைத்துக் கட்டி, பிறகு தூக்கி நிறுத்த வேண்டும்.

எட்டடிச் சுவருக்குக் கீழ்ச்சட்டம் ஒன்று, மேல்சட்டம் ஒன்று. இரண்டையும் ஒட்டிப் படுக்கவைத்து, இரண்டடிக்கு ஒரு கோடு வீதம், இரண்டின் மேலும் ஒரே கோடாகக் கிழித்தார். தனித்தனியாக அளந்தால் தனித்தனியாகத் தவறும். சேர்த்துக் கிழித்தால் தவறவே தவறாது. கோடு விழுந்த இடங்களில் நிற்கும் சட்டங்கள் ஐந்து. எல்லாம் இரண்டுக்கு மூன்று அங்குல மெராந்தி.

சுவரின் உயரம் ஐந்தடி. அதற்காக ஐந்தடிச் சட்டம் வெட்டினால் கணக்குத் தப்பிவிடும். கீழ்ச்சட்டம் இரண்டு அங்குலம், மேல்சட்டம் இரண்டு, அதன்மேல் நான்கு சுவரையும் சேர்த்துக் கட்டும் இன்னொரு சட்டம் இரண்டு. ஆக ஆறு அங்குலம் கழித்து, நிற்கும் சட்டம் நாலரை அடி. முதலில் ஒன்றை வெட்டி, அதையே அளவுகோலாக வைத்து மற்றவற்றை வெட்டினார். வெட்டியதை வைத்து அடுத்ததை, அதை வைத்து அதற்கடுத்ததை என்று போனால், ஒவ்வொன்றிலும் நூலளவு கூடிக் கடைசிச் சட்டம் முதல் சட்டத்துக்கு ஒட்டாமல் போய்விடுமாம்.

ஜன்னல் இரண்டு. நீளச் சுவர்களில் எதிரெதிராக, நிற்கும் சட்டங்களுக்கு இடையில் கிடைக்கும் இருபத்திரண்டு அங்குல இடைவெளியிலேயே வைத்தார். எந்தச் சட்டத்தையும் வெட்ட வேண்டியதில்லை. வாசல் மட்டும் குட்டைச் சுவரின் நடுவில்: இரண்டடி அகலம், நான்கடி உயரம். வாசலின் இருபுறமும் இரட்டைச் சட்டம் நிறுத்தி அவற்றின் தலையில் ஓர் உத்திரக் கட்டையை ஏற்றினார். மேலிருந்து வரும் பாரம் உத்திரத்தில் இறங்கி, இரட்டைச் சட்டம் வழியாகத் தரைக்குப் போய்விடும். கதவு இறுகாது.

முதல் சுவரைத் தூக்கி நிறுத்தினோம். தூக்குக்குண்டு பிடித்து நேராக்கினோம். நான் கையால் மேல்மூலையை மெல்லத் தள்ளினேன். முழுச் சுவரும் பக்கவாட்டில் அசைந்தது! பேத்தி பயந்துவிட்டாள்.

“வாத்தியார் தாத்தா, வீடு விழுந்துடுமா?”

மச்சான் ஐஸ்கிரீம் குச்சிகள் நான்கை எடுத்து, மூலைக்கு ஒரு குண்டூசி வீதம் குத்திச் சதுரமாக்கி அவள் கையில் கொடுத்தார். தள்ளினாள், சதுரம் சப்பையாகச் சாய்ந்தது. குறுக்கே ஒரு நீளமான குச்சியைச் சேர்த்துக் குத்தச் சொன்னார். இப்போது எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. “நாலு மூலை சாயும், மூணு மூலை சாயாது” என்றார். பிறகு ஒவ்வொரு சுவரிலும் மூலையிலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாக ஒரு சட்டத்தைப் பதித்து அடித்தார். சுவர் மலைபோல் நின்றது. இந்தக் குச்சி விளையாட்டை விடுமுறை முடிந்ததும் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டினேன். கணிதம் என்றாலே ஒளிந்துகொள்ளும் பையன் ஒருவன் அன்று இடைவேளைக்குக்கூட வெளியே போகவில்லை.

கூரையும் ஒரு பழைய காயமும்

மூன்றாம் நாள் கூரை. வீட்டின் அகலம் ஆறடி. பாதி மூன்றடி, அதாவது 36 அங்குலம். முகடு சுவருக்கு மேல் 27 அங்குலம் உயர வேண்டும் என்று வைத்துக்கொண்டார். 27, 36, 45. இதுவும் அதே மூன்று, நான்கு, ஐந்துதான், ஒன்பதால் பெருக்கியது! ஆகச் சுவர் ஓரத்திலிருந்து முகடுவரை கைமரம் 45 அங்குலம். சாரல் அடிக்காமல் வெளியே நீட்டுவதற்கு 15 அங்குலம். மொத்தம் 60 அங்குலம், ஐந்தடி. பத்தடிச் சட்டம் ஒன்றில் இரண்டு கைமரம். ஒரு துண்டும் வீணாகாது. நடுவில் ஓர் அங்குல முகட்டுப் பலகை வருவதால், ஒவ்வொரு கைமரத்தின் தலையிலும் அரை அங்குலத்தைப் படுக்கைவாட்டில் அளந்து கழித்தார். சுவரின்மேல் உட்காரும் இடத்தில் ஒரு சிறு பல் வெட்டினார். வழுக்காமல் கப்பென்று உட்கார்ந்தது.

ஐந்து ஜோடிக் கைமரம். அவை எப்போதும் சுவரை வெளியே தள்ளப் பார்க்கும். திறந்த புத்தகத்தைக் கூடாரம்போல் மேசைமேல் கவிழ்த்து நிறுத்திப் பாருங்கள். இரண்டு அட்டையும் விலகி வழுக்கும். நூலால் இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கட்டினால் நிற்கும். அந்த நூலின் வேலையைச் செய்வது குறுக்குக் கட்டை. இரு முனைகளிலும் சுவரே கட்டிப் பிடித்திருப்பதால், நடுவில் உள்ள மூன்று ஜோடிகளுக்கும் குறுக்குக் கட்டை போட்டார்.

இதோடு கூரை முடிந்தது, தகரம் போடலாம் என்று நான் நினைத்தேன். மச்சான் ஒரு பையைக் கொட்டினார். துளையிட்ட இரும்புப் பட்டைகள் பத்து. ஒவ்வொரு கைமரத்தையும் சுவர்ச் சட்டத்தோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கத் தொடங்கினார்.

“இத்துனூண்டு வீட்டுக்கு இவ்வளவு வேணுமா மச்சான்?” என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மூன்று பட்டைகளை இறுக்கிய பிறகுதான் பேசினார்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், அவர் வேலை பார்த்த தோட்டத்தில் நடந்தது. ஆயாக்கொட்டகைக் கூரையின் கைமரங்கள் உளுத்துவிட்டன என்று இரண்டு முறை அவர் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்ததாம். ஒரு விடியற்காலை, பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டுக்குப் போன பிறகு, சுமத்ராக் காற்று அடித்தது. கடலுக்கு அப்பாலிருந்து திடீரென்று மழையோடு வரும் அந்தக் காற்றைக் கரையோரத் தோட்டத்து மக்கள் நன்றாக அறிவார்கள். காற்று தகரத்தை மேலிருந்து அமுக்குவதில்லை. அடியில் புகுந்து தூக்கும். உளுத்த மரத்தில் ஆணி எங்கே பிடிக்கும்? நான்கு தகரங்கள் பிய்த்துக்கொண்டு போயின. ஆயாம்மா தன்னால் முடிந்தவரை பிள்ளைகளைச் செங்கல் கட்டிய குளியலறைக்குள் இழுத்துப் போட்டார். அப்படியும் ஒரு பெண் குழந்தையின் காலில் தகரம் வெட்டிவிட்டது.

“அந்தப் பிள்ளை யாருன்னு உங்களுக்குத் தெரியும்” என்றார்.

எனக்குத் தெரியும். என் மனைவியின் அண்ணன் மகள். அவள் முழங்காலுக்குக் கீழே உள்ள நீளத் தழும்பைப் பார்த்திருக்கிறேன். சைக்கிளில் விழுந்தாள் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். இந்தப் பேரப்பிள்ளைகள் இருவருக்கும் அவள்தான் தாய்.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதிக்கும், பிள்ளைக் காப்பகத்துக்கும், மற்ற அடிப்படை வசதிகளுக்கும் நம் நாட்டில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 446ஆம் சட்டம் என்பார்கள். 2019இல் அது திருத்தப்பட்டு மற்றத் துறைத் தொழிலாளர்களுக்கும் விரிந்தது. சட்டம் தாளில் இருக்கும். கூரை கைமரத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்ட, கவனிக்கும் கண்ணும் கேட்கும் வாயும் வேண்டும். இன்னும் தோட்டத்து வீடுகளில் குடியிருக்கும் வாசகர்கள் ஒரு நாள் தலை நிமிர்ந்து தங்கள் கூரையைப் பாருங்கள். கைமரத்தில் மாவுபோல் தூள் கொட்டுகிறதா, ஆணித் தலை எழும்பியிருக்கிறதா, தகரம் காற்றில் படபடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். கொடுத்த கடிதத்துக்கு ஒரு படிவம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தகரம் போட்டபோதும் மச்சான் அவசரப்படவில்லை. ரப்பர் வளையம் வைத்த திருகாணிகளையே பயன்படுத்தினார். வளைவின் மேட்டில்தான் முடுக்கினார். பள்ளத்தில் முடுக்கினால் தண்ணீர் ஓடும் வழியில் துளை விழுந்துவிடும். இரண்டு முக்கோண முகப்பிலும் மேலே இடைவெளி விட்டு வலை அடித்தார். தகரத்தின் சூடு அந்த வழியாக வெளியேறும். கீழே தொங்கும் தகர ஓரங்களை மடித்து மரப்பட்டி போட்டு மூடினார். பிள்ளை தலை நிமிர்ந்தால் படக்கூடிய ஒரு கூர் முனையும் இல்லை.

மாலையில் மகள் தொழிற்சாலை வேலை முடிந்து வந்தாள். குனிந்து உள்ளே போனாள். கூரையை அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு பட்டையாக விரல் வைத்து எண்ணினாள். பத்து. வெளியே வந்து, “டீ போடட்டுமாப்பா?” என்று மட்டும் கேட்டாள். மச்சானும், “சீனி கொஞ்சமா போடு” என்று மட்டும் சொன்னார்.

எண் இல்லாத வீடு

வாசல் உத்திரத்தின்மேல் அடிக்க மச்சான் ஒரு பழைய பலகையை எடுத்து வந்தார். தோட்டம் கைமாறி லயங்களை இடித்தபோது தம் வீட்டு வாசலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது. கறுப்புச் சாயத்தில் லயத்தின் எண்ணும் வீட்டின் எண்ணும் எழுதியிருந்தன. அப்படியே அடித்தால் நினைவாக இருக்கும் என்றார் அக்கா. எனக்கும் அது சரியென்றே பட்டது. மச்சான் இழைப்புளியை எடுத்து அந்த எண்களைச் சீவித் தள்ளிவிட்டார்.

“மரம் நல்ல மரம், அதனால வச்சிருந்தேன். அந்த நம்பர் தோட்டத்துடையது. வேலை இருந்தா வீடு, வேலை போனா வெளியே. இது இவங்க வீடு. யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது.”

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கீழே கிடந்த சீவலில் கறுப்புச் சாயம் ஒட்டியிருந்த சுருள்களை மட்டும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் செய்ததும் சரி, இவர் செய்ததும் சரி என்றே எனக்குத் தோன்றியது.

நீங்களும் கட்ட விரும்பினால்

பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று கட்ட நினைக்கும் வாசகர்களுக்கு மச்சானின் சார்பில் சில வார்த்தைகள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் வீட்டைவிட இது பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது அதிகம். கட்டும்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரம்பம் ஓடும்போதும் தகரம் தூக்கும்போதும் தூரத்தில் நிற்க வைக்க வேண்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம். பெரியவர் ஒருவர் குனிந்தாவது நுழையும் அளவுக்கு வாசல் இருக்க வேண்டும். கூரையில் தண்ணீர் தேங்கும் பீலி வைக்காதீர்கள். அடியில் டப்பாவும் தேங்காய்ச் சிரட்டையும் கிடக்க விடாதீர்கள். டிங்கிக் கொசுவுக்கு அது போதும். சுவர்ப் பலகையை அடிக்குமுன் சாய்வுச் சட்டத்தை மறக்காதீர்கள். சுவரை அண்டை வீட்டு எல்லையை ஒட்டி எழுப்பாதீர்கள். ஓர் ஆள் நுழைந்து கறையானைப் பார்க்கும் அளவுக்கு இடம் விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திருகாணிகளை இறுக்கிப் பாருங்கள்.

தெலுக் இந்தானுக்குப் போகிறவர்கள் சித்ரா பௌர்ணமி சமயமாகப் பார்த்துப் போனால் நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் திருவிழாவையும் கண்டு வரலாம். தோட்டத்து மக்கள் திரண்டு வரும் விழா அது. காலையில் பசியாற, ஊர் பேர் சொல்லும் சீ சியோங் ஃபன் உண்டு. மாலையில் ஆற்றங்கரைக் காற்று உண்டு. சாய்ந்த கோபுரத்தின் அருகில் நின்று எல்லாரும் அதைத் தாங்கிப் பிடிப்பதுபோல் கைநீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே பிள்ளைகள் கையில் ஒரு நூலையும் சிறு கல்லையும் கொடுத்து, கோபுரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். நேர் எது, சாய்வு எது என்று தாமாகவே கண்டுகொள்ளும் பிள்ளை, நாளை தன் தலைக்கு மேலுள்ள கூரையைப் பற்றியும் கேள்வி கேட்கும்.